ஹாரோ வீட்டுத் தோட்டம்: எந்த இடத்தில் எந்தக் கிளெமாட்டிஸ் கொடியை நடலாம்?

செம்பருத்தி, ஹாரோ

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனின் ஹாரோ பகுதியில் கடந்த ஆண்டு வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பின்புறத் தோட்டத்தில் புல்தரையும் ஒரு பழைய ஆப்பிள் மரமும் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. சுவர்களும் வேலியும் வெறுமையாக நிற்பதால் கொடிகளை ஏற்ற விரும்புகிறேன். இந்நாட்டுக் குளிரைத் தாங்கி ஆண்டுதோறும் பூக்கும் கொடிகளில் கிளெமாட்டிஸ்தான் என் மனத்தைக் கவர்ந்தது. ஆனால் நாற்றுப்பண்ணையில் அதன் ரகங்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அட்டையிலும் பூவின் படம் பெரிதாக இருக்கிறதே தவிர, எந்த இடத்துக்கு ஏற்றது என்ற விவரம் ஓரிரு சொற்களோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் இடம் இப்படி இருக்கிறது. வீட்டின் பக்கவாட்டில் வடக்கு நோக்கிய செங்கல் சுவர் ஒன்று உள்ளது. கோடையில் அதிகாலையிலும் மாலை முடிவிலும் மட்டுமே அதன்மீது வெயில் படும். சமையலறைக்கு வெளியே தெற்கு நோக்கிய சுவர், அதன் முன்னால் கல் பாவிய முற்றம். தோட்டத்தின் மேற்கு எல்லையில் 1.8 மீட்டர் உயர மரவேலி நிற்கிறது. அதன் முகம் கிழக்கே பார்ப்பதால் காலை வெயில் மட்டும் கிடைக்கும். தோட்டக் கோடியில் ஆப்பிள் மரம். முற்றத்தில் இரண்டு தொட்டிகளும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். மண் கனத்த களிமண். குளிர்காலத்தில் சேறாகவும் ஜூலையில் வெடிப்பு விட்டும் கிடக்கிறது.

எல்லா இடங்களிலும் ஒரே ரகத்தை நட்டுவிடலாமா, அல்லது இடத்துக்கு இடம் மாற்ற வேண்டுமா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பழைய வீட்டுக்காரர்கள் விட்டுச்சென்ற கிளெமாட்டிஸ் கொடி ஒன்று ஷெட்டின் கதவருகே சிக்கலாகப் படர்ந்திருக்கிறது. அதற்குப் பெயர்ச்சீட்டு இல்லை. அதை எப்போது கவாத்து செய்வது என்றும் விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிணற்றடி, வோக்கிங்

தங்கைக்கு வணக்கம். இடத்துக்கு இடம் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும். கிளெமாட்டிஸ் என்ற ஒரே பெயருக்குள் ஏறக்குறைய 300 இனங்கள் அடங்கியிருக்கின்றன. சில ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் பிறந்தவை, சில மத்தியதரைக் கடலோரத்துப் புதர்களில் வளர்ந்தவை, சில இமயமலைக் காடுகளில் மரமேறி வாழ்ந்தவை. பிறந்த இடத்தின் குணம் அவற்றோடு கூடவே வருகிறது. ஆகவே பூவின் நிறத்தைப் பார்த்துக் கொடியை வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடுவதைவிட, ஓர் இடத்தில் எவ்வளவு வெயில், எவ்வளவு ஈரம், எவ்வளவு காற்று என்று முதலில் பார்த்து, அந்த இடத்தை விரும்பும் கொடியைத் தேடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். உங்களிடம் இருக்கும் வேறுபட்ட இடங்கள் உண்மையில் ஒரு பேறு. சரியாகத் தேர்ந்தால் ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை ஏதாவது ஓர் இடத்தில் பூ இருந்துகொண்டே இருக்கும்.

வடக்குச் சுவருக்கு ஆல்பைனா அல்லது மாக்ரோபெட்டலா இனத்தைச் சேர்ந்த கொடியை வாங்குங்கள். இவை மலைப்பகுதிகளில் வாழ்ந்து பழகியவை என்பதால் குளிருக்கும் குறைந்த வெயிலுக்கும் அஞ்சுவதில்லை. 2 முதல் 3 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். ஏப்ரலில் சிறு மணிகளாகத் தலைகுனிந்து பூக்கும். நீல நிறத்துக்குப் 'பிரான்சஸ் ரிவிஸ்', இளஞ்சிவப்புக்கு 'மார்க்கம்ஸ் பிங்க்' ஆகிய இரண்டும் நன்கு அறியப்பட்டவை. இவற்றுக்கு ஆகாத ஒன்று நீர் தேங்கும் மண்; அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கிழக்கு நோக்கிய வேலிக்குப் பெரிய பூ பூக்கும் 'நெல்லி மோசர்' ரகத்தைப் பரிந்துரைப்பேன். 1897-இல் பிரான்சில் உருவான பழைய ரகம் இது; வெளிர் ரோஜா நிற இதழ்களின் நடுவே அடர்ந்த பட்டை ஓடும். முழு வெயிலில் வைத்தால் அந்தப் பட்டை சில நாட்களிலேயே வெளுத்து மங்கிவிடும். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் நிறம் நெடுநாள் நிற்கும். அந்த வகையில் உங்கள் வேலியின் குறையே அதற்கு நன்மையாகிறது. 'ஹேக்லி ஹைப்ரிட்' ரகத்துக்கும் இதே குணம் உண்டு. குளிர்ந்த வசந்தத்தில் பெரிய பூ ரகங்களின் முதல் பூக்கள் பச்சையாக விரிவதைக் கண்டால் கலங்க வேண்டாம். வெளிச்சமும் வெப்பமும் போதாமையால் அப்படி ஆகிறது. அடுத்து வரும் பூக்கள் தம் நிறத்தோடு வரும்.

தெற்குச் சுவர்தான் உங்கள் தோட்டத்தின் மிக விலை மதிப்புள்ள இடம். வேறெங்கும் வைக்க முடியாதவற்றை அங்கே வையுங்கள். இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. ஒன்று, மத்தியதரைப் பகுதியைச் சேர்ந்த சிர்ரோசா. அதன் 'ஃப்ரெக்கிள்ஸ்' ரகம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, தோட்டமே உறங்கும் காலத்தில், செம்புள்ளி தெளித்த பாலேட்டு நிறப் பூக்களைத் தரும். கோடையில் அது இலையை இழந்து காய்ந்ததுபோல் நிற்கலாம். அதன் சொந்த நாட்டுக் கோடை அப்படிப்பட்டது என்பதால் அது ஓய்வெடுக்கிறது, சாகவில்லை. அந்த நேரத்தில் அளவுக்கு மீறி நீர் ஊற்றாதீர்கள். மற்றொன்று, சீனாவிலிருந்து 1900-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர வேட்டையாளர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த ஆர்மாண்டி. நீண்ட, தோல்போன்ற, என்றும் பச்சையான இலைகளும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் மணம் மிகுந்த வெள்ளைப் பூக்களும் உடையது. குளிர்க்காற்று நேரே அடித்தால் இலை கருகிவிடும் என்பதால் அதற்குச் சுவரின் காப்பு தேவை. ஆனால் 5 மீட்டருக்கு மேலும் ஏறக்கூடியது. சமையலறைச் சன்னல்கள் அருகில் இருந்தால் சிர்ரோசாவே போதும்.

இனி எல்லா இடத்துக்கும் பொதுவான சில செய்திகள். சுவரை ஒட்டியுள்ள மண்ணில் மழைநீர் விழுவதே குறைவு. அடித்தளக் கற்களும் சேர்ந்து அந்த இடத்தை வறளச் செய்யும். ஆகவே சுவரிலிருந்து குறைந்தது 45 செ.மீ. தள்ளிக் குழி எடுத்து, கொடியைச் சுவர் பக்கம் சாய்த்து, ஒரு மூங்கில் குச்சியால் அணைத்துவிடுங்கள். கிளெமாட்டிஸ் செங்கல்லைத் தானாகப் பற்றிக்கொள்ளாது. பாகற்கொடி பற்றுக்கம்பிகளால் பிடித்து ஏறுவதுபோல, இது தன் இலைக்காம்பையே வளைத்துச் சுற்றிக்கொள்ளும். இலைக்காம்பு குட்டையானது என்பதால் தடித்த கழிகளைச் சுற்ற முடியாது. மெல்லிய கம்பிகளை 30 முதல் 45 செ.மீ. இடைவெளியில் சுவரின் குறுக்கே இழுத்துக் கட்டுவது நல்லது.

களிமண்ணில் வழவழப்பான சுவர்களோடு ஒரு குழி எடுத்து அதில் நல்ல உரமண்ணை நிரப்பினால், குளிர்காலத்தில் அந்தக் குழி நீர் நிற்கும் தொட்டியாகிவிடும். குழியின் பக்கங்களை முள்கரண்டியால் குத்தித் தளர்த்துங்கள். சுற்றியுள்ள மண்ணிலும் மக்கு உரமும் பருமணலும் கலந்து விடுங்கள். ஆல்பைனாவும் சிர்ரோசாவும் இதில் சிறிதும் விட்டுக்கொடுக்காதவை.

வேருக்கு நிழலும் தலைக்கு வெயிலும் வேண்டும் என்று இங்குள்ள தோட்டக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நிழலைவிட ஈரமே முக்கியம் என்று கருதுகிறேன். அடியில் ஓட்டுச்சில்லைப் பரப்பி நிழல் தந்துவிட்டு ஆகஸ்டில் நீர் ஊற்ற மறந்தால் பயனில்லை. தண்டைத் தொடாமல் மூடாக்கு இட்டு, வறண்ட வாரங்களில் அடிமண் நனையும்படி ஊற்றுவதுதான் கொடியைக் காக்கும்.

குறிஞ்சி, எடின்பரோ

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் மிகச் சிறப்பு. ஆப்பிள் மரத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பதால் என் கருத்தை எழுதுகிறேன். மரத்தில் ஏற்றுவதற்கென்றே பிறந்தது மொன்டானா. இமயமலையைச் சேர்ந்த இக்கொடி 1831 முதல் பிரிட்டனில் வளர்க்கப்படுகிறது. மே மாதத்தில் இலை தெரியாத அளவுக்கு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்துக் குலுங்கும். 'எலிசபெத்' ரகத்துக்கு வெனிலா மணம் உண்டு. எங்கள் பக்கத்துக் குளிரிலும் சுவரைத் தாண்டி எழுந்து நிற்கிறது. கவாத்தே வேண்டியதில்லை என்பதால் புதிதாகத் தோட்டம் தொடங்குபவர்களுக்கு இதைவிட எளிதான கொடி கிடையாது.

நான் ஊட்டியில் வளர்ந்தவள். நீலகிரிச் சோலைகளின் ஓரங்களிலும் வைட்டியானா, கௌரியானா போன்ற காட்டு கிளெமாட்டிஸ் இனங்கள் புதர்களின்மேல் படர்ந்து, பூத்து முடிந்தபின் வெண்பஞ்சு போன்ற விதைக் கொத்துகளோடு நிற்கும். இந்நாட்டுச் சுண்ணாம்பு மண் வேலிகளில் குளிர்காலத்தில் தெரியும் காட்டுக்கொடியான விட்டால்பாவை முதன்முதலாகப் பார்த்தபோது, அதை எனக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

நாற்றங்கால், கென்ட்

செடிப்பண்ணை ஒன்றில் வேலை செய்பவன் என்ற முறையில், குறிஞ்சி அக்காவின் கருத்தோடு ஓர் இடத்தில் மாறுபட வேண்டியிருக்கிறது. மொன்டானா அழகான கொடி, மறுப்பில்லை. ஆனால் அது 8 மீட்டருக்கு மேலும் போகும்; சில ரகங்கள் 10, 12 மீட்டரும் எட்டும். பெரிய ஊசியிலை மரத்திலோ, நீண்ட சுவரிலோ, பயன்படாத கொட்டகையின் கூரையிலோ ஏற்றினால் ஒரு குறையும் இல்லை. ஒரு நகரத் தோட்டத்தின் ஆப்பிள் மரத்தில் ஏற்றினால், ஆண்டுக்கு ஆண்டு தடித்து மரமாகும் அதன் தண்டுகள் கிளைகளைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்தை மறைத்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்று: ஆப்பிள் மரத்தைக் குளிர்காலத்தில் கவாத்து செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மொன்டானாவின் அடுத்த மே மாதத்துப் பூமொட்டுகள் பழைய தண்டிலேயே உறங்கிக்கொண்டிருக்கும். மரத்தை வெட்டினால் பூ போகும், பூவைக் காத்தால் மரம் கெடும்.

அந்த மரத்துக்கு விட்டிசெல்லா குழுவைச் சேர்ந்த ரகங்களே பொருத்தம். தெற்கு ஐரோப்பாவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்ட இனம் இது. 3 முதல் 4 மீட்டர் வரை வளரும். ஆப்பிள் மரம் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பூத்து ஓய்ந்தபின், ஜூலையிலிருந்து இது பூக்கத் தொடங்கும். மரத்துக்கு இரண்டாம் பூக்காலம் கிடைத்ததுபோலாகும். 'எத்துவால் வயலெட்' கருநீல ஊதா, 'மாதாம் ஜூலியா கொரேவோன்' ஒயின் சிவப்பு, 'ஆல்பா லக்சூரியன்ஸ்' பச்சை நுனியுள்ள வெள்ளை. வார்சாவில் வாழ்ந்த ஸ்டெஃபான் ஃபிரான்சாக் என்ற இயேசு சபைத் துறவி உருவாக்கிய 'போலிஷ் ஸ்பிரிட்' ரகமும் இக்குழுவில் சேர்க்கத் தக்கது. புதியவர்களுக்கு நான் தயக்கமின்றிக் கையில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். பிப்ரவரி முடிவில் இவற்றைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், பருத்த மொட்டுச்சோடி ஒன்றுக்கு மேலே, முழுவதுமாக வெட்டிவிடலாம். ஆகவே ஆப்பிள் கவாத்துக்குக் கொடி ஒருபோதும் தடையாகாது.

நடும்போது அடிமரத்தை ஒட்டி நடாதீர்கள். அங்கே மண்ணின் ஈரம் முழுவதையும் மரமே குடித்துவிடும். கிளைப்பரப்பின் ஓரத்தில், மரத்தின் வடக்குப் பக்கமாகக் குழி எடுத்தால் வேர் நிழலில் இருக்கும், கொடி வெளிச்சத்தை நாடி மரத்துக்குள் ஏறும். நட்ட இடத்திலிருந்து தாழ்ந்த கிளை வரை ஒரு கயிற்றையோ மூங்கிலையோ சாய்த்துக் கட்டுங்கள். முதல் இரண்டு கோடைகளில் நீர் ஊற்றுவதில் தவறக் கூடாது.

குறிஞ்சி, எடின்பரோ

தம்பி சொல்வது சரிதான். ஆப்பிள் கவாத்துக் காலத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் மனத்தில் இருந்தவை எங்கள் தெருவின் பெரிய மரங்கள். செம்பருத்திக்கு விட்டிசெல்லாவே நல்லது. வடக்கே இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே வசந்தம் தாமதமாக வருவதால் அந்தக் கடுங்கவாத்தை மார்ச் மாதத்தின் பிற்பகுதி வரை தள்ளிவைப்பது வழக்கம். முன்னரே வெட்டினால் துளிர்விட்ட இளந்தண்டுகளைப் பனி எரித்துவிடும்.

மாடிப்பூ, லெஸ்டர்

தொட்டிகளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் எனக்கு இருப்பது தரைத்தோட்டமே இல்லை. கல் பாவிய சிறு முற்றத்தில் எல்லாக் கொடிகளும் தொட்டியில்தான் வளர்கின்றன. தொட்டியில் கிளெமாட்டிஸ் வளராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சிறிய தொட்டியில் வைத்தவர்கள். 45 செ.மீ. ஆழமும் அதே அளவு அகலமும் தேவை. கனமான சுடுமண் தொட்டியாக இருந்தால் காற்றில் சாயாது; வேரும் கோடையில் அதிகம் சூடாகாது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைத் தெற்கு முற்றத்தில் வைப்பதைத் தவிருங்கள்.

மண் கலவைக்கு ஜான் இன்னஸ் 3-ஆம் எண் கலவையை வாங்குங்கள். வெறும் மக்கு உரக் கலவை ஓர் ஆண்டிலேயே அமிழ்ந்து சுருங்கிவிடும்; உண்மையான மண் சேர்ந்த கலவை நீண்ட காலம் சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். ரகத்தைப் பொறுத்தவரை, கெர்ன்சித் தீவில் ரேமண்ட் எவிசன் உருவாக்கிய பூலவார்டு வரிசையைப் பாருங்கள். தொட்டிக்கென்றே வளர்த்தெடுத்த குட்டையான கொடிகள் அவை. 'பிக்கார்டி', 'பாரிசியென்' போன்றவை ஏறக்குறைய ஒரு மீட்டரோடு நின்று, அடியிலிருந்து நுனிவரை பூக்கும். மொன்டானாவையோ ஆர்மாண்டியையோ தொட்டியில் அடைப்பது அந்தக் கொடிக்குச் செய்யும் கொடுமை.

தொட்டிக்கொடி முழுக்க முழுக்க நம்மை நம்பி வாழ்கிறது. வெயில் காலத்தில் அன்றாடம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து நீர் ஊற்ற வேண்டும். ஏப்ரலிலிருந்து மொட்டு வரும் வரை சாம்பல் சத்து மிகுந்த உரத்தைக் கொடுக்கலாம். தக்காளிக்கு ஊற்றும் திரவ உரமே போதும். குளிர்காலத்தில் தொட்டியின் அடியில் கட்டைகளை வைத்துச் சற்று உயர்த்தினால் நீர் வடிந்துபோகும். வசந்தத்தில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக்கலவையை இடுவதும் நன்மை தரும்.

செம்பருத்தி, ஹாரோ

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிணற்றடி அண்ணா, நாற்றங்கால், உங்கள் விளக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் ஷெட் அருகே உள்ள கொடியைப் பற்றிய கவலை கூடியிருக்கிறது. நேற்று வரை நன்றாக இருந்த அதன் ஒரு தண்டு இன்று நுனியிலிருந்து தலை தொங்கிவிட்டது, இலைக்காம்புகள் கறுத்திருக்கின்றன. பக்கத்துத் தண்டுகள் பசுமையாகவே உள்ளன. மொட்டுகள் பெரிதாகத் திரண்டு விரியும் நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. மண்ணும் ஈரமாகத்தான் இருக்கிறது. கொடியைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டுமா?

நாற்றங்கால், கென்ட்

பிடுங்க வேண்டாம், அக்கா. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கிளெமாட்டிஸ் வாடல் நோயைக் காட்டுகின்றன. கலோபோமா கிளெமாட்டிடினா என்ற பூஞ்சையால் இது வருகிறது. பெரிய பூ ரகங்களையே அதிகம் தாக்கும்; அதுவும் பெரும்பாலும் மொட்டு விரியும் வேளையில் வருவதால் வளர்ப்பவருக்கு மனம் உடைந்துபோகும். விட்டிசெல்லா, ஆல்பைனா குழுக்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

முதலில் வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். தண்டின் அடியை உற்றுப் பாருங்கள்; நத்தை கடித்தாலும், காற்றில் தண்டு முறிந்தாலும், ஒரு தண்டு மட்டும் இதேபோல் தொங்கும். கடித்த தடமோ முறிவோ இல்லாமல், வெட்டிப் பார்த்தால் தண்டின் உள்ளே கறுப்புக் கறை ஓடியிருந்தால் அது வாடல் நோய்தான். வீட்டுத் தோட்டக்காரர்கள் தெளிப்பதற்கென்று இந்நோய்க்கு மருந்து எதுவும் இல்லை. கறை முடிந்து நல்ல தண்டு தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே போங்கள். தேவையானால் மண்மட்டத்துக்குக் கீழேயும் வெட்டலாம். வெட்டியவற்றையும் உதிர்ந்த இலைகளையும் மக்கு உரக் குவியலில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தரியைக் கிருமிநாசினியால் துடையுங்கள். கையுறை அணிவதும் அவசியம், ஏனெனில் இக்கொடியின் சாறு சிலருக்குத் தோலை எரிக்கும்.

பெரிய பூ ரகங்களை ஆழமாக நட வேண்டும் என்று சொல்வது இந்நோயை எண்ணித்தான். நாற்றுத்தொட்டியில் இருந்த மண்மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் நட்டால், மேலே உள்ள எல்லாம் வாடிப்போனாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து புதுத்துளிர் எழும். வேலியருகே 'நெல்லி மோசர்' நடும்போது இதை மறந்துவிடாதீர்கள். என்றும் பச்சையான ஆர்மாண்டி, சிர்ரோசா ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றைத் தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நட வேண்டும்.

கவாத்துக்கு வருகிறேன். கிளெமாட்டிஸ் ரகங்களை மூன்று கவாத்துக் குழுக்களாகப் பிரிப்பது வழக்கம். முதல் குழு குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பழைய தண்டில் பூப்பவை: சிர்ரோசா, ஆர்மாண்டி, ஆல்பைனா, மொன்டானா. இவற்றைப் பூத்து முடிந்த உடனே, இடம் போதாவிட்டால் மட்டும் ஒழுங்குபடுத்தலாம். இரண்டாம் குழு மே, ஜூனில் பெரிய பூக்களைத் தருபவை: 'நெல்லி மோசர்', 'தி பிரசிடென்ட்' போன்றவை. பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஒவ்வொரு தண்டையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதல் பருத்த மொட்டுச்சோடிக்கு மேலே வெட்டினால் போதும். மூன்றாம் குழு ஜூலைக்குப் பின் புதுத்தண்டில் பூப்பவை. இவற்றுக்குத்தான் அந்த 30 செ.மீ. கடுங்கவாத்து.

உங்கள் கொடியின் மொட்டுகள் பெரியவை, இப்போது விரியும் நிலையில் உள்ளன என்பதால் அது இரண்டாம் குழுவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆயினும் பெயர் தெரியாத கொடிக்கு ஓராண்டு கத்தரியைத் தொடாமல், எந்த மாதத்தில் பூக்கிறது, பழைய தண்டில் பூக்கிறதா புதுத்தண்டில் பூக்கிறதா என்று குறித்துக்கொள்வதே மிகச் சரியான வழி. நோயுற்ற தண்டை மட்டும் இப்போது நீக்குங்கள். நன்றாக இருந்த ஒரு கொடி பல ஆண்டுகளாகப் பூக்கவே இல்லை என்று வருபவர்களிடம் விசாரித்தால், ஒவ்வொரு பிப்ரவரியிலும் முதல் குழுக் கொடியைத் தரையோடு வெட்டி வந்தது பல நேரங்களில் தெரியவரும்.

கிணற்றடி, வோக்கிங்

தம்பி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஷெட் கதவருகே இருப்பது கடைசியில் பிழைக்காமல் போனால், அந்த இடத்தில் உடனே இன்னொரு பெரிய பூ ரகத்தை நடாதீர்கள்; மண்ணை மாற்றி ஒரு விட்டிசெல்லாவை வையுங்கள். பெரிய பூவே வேண்டும் என்றால் 'ஜாக்மனி' இருக்கிறது. எங்கள் வோக்கிங்கில் ஜாக்மன் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணையில் உருவாகி 1862-இல் முதன்முதலாகப் பூத்த ரகம் அது. அதன் மூதாதைகளில் விட்டிசெல்லாவும் ஒன்று. கருநீல ஊதா வெல்வெட் நிறம். மூன்றாம் குழு என்பதால் கவாத்தும் எளிது. அரச தோட்டக்கலைக் கழகத்தின் விஸ்லி தோட்டம் வோக்கிங்குக்கு அருகில்தான் உள்ளது. ஜூலையில் ஒருநாள் குடும்பத்தோடு அங்கே சென்று, கொடிகளை வளர்ந்த நிலையில், சுவரிலும் புதரிலும் படர்ந்தபடி பார்த்துவிட்டு வாங்கினால் அட்டைப் படத்தை நம்ப வேண்டியிருக்காது.

செம்பருத்தி, ஹாரோ

நல்ல யோசனை, அண்ணா. இன்று தண்டை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்புக் கறை இருந்தது. மண்மட்டம் வரை நீக்கிவிட்டேன், மற்றத் தண்டுகள் இன்னும் நன்றாகவே உள்ளன. புதிய கொடிகளை இப்போதே வாங்கி நடலாமா, இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டுமா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

நாற்றங்கால், கென்ட்

உங்கள் களிமண்ணுக்கு நான் செப்டம்பர் கடைசியையும் அக்டோபரையும் சொல்வேன். மண்ணில் கோடையின் வெப்பம் இன்னும் இருக்கும், மழையும் தொடங்கியிருக்கும். குளிர் இறுகும் முன் வேர் பிடித்துவிடும். சிர்ரோசாவை மட்டும் அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளிவையுங்கள், ஏனெனில் இளங்கொடி தன் முதல் குளிர்காலத்தை ஈரக் களிமண்ணில் கழிப்பது நல்லதல்ல. இடைப்பட்ட மாதங்களில் குழிகளைத் தயார் செய்து, கம்பிகளை இழுத்துக் கட்டி முடித்துவிடுங்கள். கொடி வந்தபின் சுவரில் துளையிடுவது கடினம். வாங்கும்போது பூ இருக்கும் செடியைத் தேடாமல், அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் எழுந்துள்ள, தொட்டியின் அடித்துளை வழியே வேர் தெரியும் செடியாகப் பார்த்து எடுங்கள். ஒற்றைத் தண்டு மட்டும் உள்ள செடி விலை குறைவாகக் கிடைத்தாலும், நட்டபின் முதல் வசந்தத்தில் அதை 30 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து கிளைக்கும். எந்தக் குழுவாக இருந்தாலும் முதல் ஆண்டில் இந்த வெட்டைச் செய்யலாம். சிர்ரோசாவுக்கும் ஆர்மாண்டிக்கும் மட்டும் நுனியைக் கிள்ளிவிட்டால் போதுமானது.